வராந்தாக் கதிரையில் சொன்ன பொய்

என் வேலை என்ன என்று எங்கள் அம்பிட்டியத் தெருவில் யாருக்கும் விளங்கப்படுத்த என்னால் முடிந்ததில்லை. நாடகக் குழுவில் வேலை என்று சொன்னால், "நடிக்கிறதா?" என்கிறார்கள். இல்லை. "அப்ப எழுதுறதா?" அதுவும் இல்லை. ஒரு நாள் எரிச்சலில், "ஆள் எடுக்கிறது" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாள் காலையில் பக்கத்து வீட்டுப் பெண் தன் தம்பியின் பாஸ்போட்டோடு வந்து நிற்கிறாள். கட்டாருக்கா, குவைத்துக்கா, சாப்பாடு அவங்களே குடுப்பாங்களா என்று கேட்கிறாள். என் கணவர் உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தார்.

கண்டியில் நடிகர்களுக்குச் சம்பளம் கொடுத்துத் தமிழ் நாடகம் போடுகிற சின்னக் குழு எங்களுடையது. ஏரியிலிருந்து மேலே ஏறும் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். முன்னால் நீளமான வராந்தா, உள்ளே ஒரு ஹோல். இயக்குநர் ஒரு நாடகத்தை முடிவு செய்ததும், அதில் வரும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பொருத்தமான ஆளைத் தேடிப் பிடித்து அவர் முன்னால் கொண்டு வந்து நிறுத்துவது என் பொறுப்பு. பத்திரிகையில் போடுவேன், பேஸ்புக்கில் போடுவேன், பேராதனைக் கம்பஸ் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பேன். கம்பளை மார்க்கெட்டில் நல்ல குரல் காதில் விழுந்தால் தக்காளியை அப்படியே வைத்துவிட்டுப் போன் நம்பர் கேட்பேன். இரண்டு தடவை அடி வாங்காமல் தப்பியிருக்கிறேன்.

இந்த ஊரில் ஆள் எடுப்பதில் ஒரு தொல்லை உண்டு. வெளியே ஒவ்வொருவருக்கும் ஒரு தமிழ் இருக்கிறது. தோட்டத்திலிருந்து வந்தவருக்கு ஒன்று, முஸ்லிம் கடைக்காரருக்கு ஒன்று, வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவருக்கு ஒன்று. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கும். ஆனால் தேர்வு நடக்கும் ஹோலின் கதவைத் தாண்டியதும் அத்தனை பேருக்கும் ஒரே தமிழ் வந்துவிடும், வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிற தமிழ். அதிலும் எங்கள் மலையகத்து ஆட்கள் மோசம். பள்ளிக்கூடத்தில், கந்தோரில், பாங்கில் என்று எங்கே வாயைத் திறந்தாலும் யாராவது ஒருத்தர் சிரித்திருப்பார். அதனால் முக்கியமான இடத்துக்குப் போகும்போது சொந்தப் பேச்சைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுப் போகப் பழகிவிட்டோம். இதை நினைத்தால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும்.

ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். தேர்வு நாளில் நான் ஹோலுக்குள் இருப்பதில்லை. கையில் ஒரு விண்ணப்பப் படிவத்தோடு வராந்தாக் கதிரை ஒன்றில், நானும் நடிக்க வந்தவள் போல உட்கார்ந்துவிடுவேன். பக்கத்தில் இருப்பவர்களோடு பேச்சுக் கொடுப்பேன். அவர்கள் புலம்புவார்கள், சிரிப்பார்கள், வீட்டுக்குப் போன் எடுத்து அரிசி களைந்து வைக்கச் சொல்லுவார்கள். யார் எதற்குப் பொருந்துவார் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிடும். உள்ளே இருக்கும் இயக்குநருக்கு வாட்ஸ்அப்பில், "ஏழாம் நம்பரைக் கவனியுங்கள்" என்று ஒரு வரி அனுப்புவேன்.

இதற்குப் பொய் சொல்ல வேண்டும். சும்மா சொல்லக் கூடாது, பொய் எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒவ்வொரு நாடகத்துக்கும் ஒரு புதுப் பொய் தயார் செய்துகொண்டு போவேன். இதுவரை என் கணவரை மூன்று தடவை கொன்றிருக்கிறேன். அவருக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. "இந்தத் தடவ எதுல போய்ச் சேந்தேன்?" என்று மட்டும் கேட்பார். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருஷம், பிள்ளை இல்லை. அதைப் பற்றி வெளியில் யாராவது கேட்டால் கடித்துக் குதறிவிடுவேன். வராந்தாக் கதிரையில் மட்டும் தாராளமாகப் பிள்ளை பெற்றுக்கொள்வேன்.

போன வருஷம் எடுத்த நாடகத்தில் ஒரு தாய். கம்பளையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவள், மகள் கொழும்புக்கு வேலைக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். நாடகம் முழுக்க அந்தத் தாய்தான். ஆறு மாதம் ஒப்பந்தம், எட்டு ஊரில் மேடையேற்றம். மூன்று வாரமாகத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை. இயக்குநர் யாழ்ப்பாணத்துக்காரர், பொறுமைசாலி, ஆனால் அவருடைய பொறுமைக்கும் ஒரு கடைசித் திகதி உண்டு. அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து ஒரு அனுபவமுள்ள நடிகையை வரவழைப்பதாகச் சொல்லிவிட்டார். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். எந்தத் தாய் வேடம் என்றாலும் வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணை மேலே உருட்டுவார். எங்கள் கம்பளைத் தாய்க்கு அந்தக் கதியா என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பச்சைச் சீலை உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பத்து பேர் போய் வந்தார்கள். ஒன்றும் தேறவில்லை. என் பக்கத்துக் கதிரையில் பதினோராம் நம்பர் இருந்தாள். நாற்பது தாண்டிய பெண், டவுனில் ஒரு புடைவைக் கடையில் வேலை. கையில் ஒரு ரொட்டிப் பொட்டலம் வைத்திருந்தாள். பிரித்ததும் கட்டச்சம்பலின் மிளகாய் வாசம் வராந்தா முழுக்கப் போனது.

"சாப்புடுங்கக்கா. பசியோட உள்ள போனா கொரல் வராது," என்று பாதியை என் கையில் திணித்தாள்.

தின்றுகொண்டே கதை கேட்டேன். கம்பளையில் படிக்கும்போது பள்ளிக்கூட நாடகம் எல்லாவற்றிலும் அவள்தான் ராணியாம், அவள்தான் கிழவியாம். பிறகு கல்யாணம், பிறகு கடை. "பன்னண்டு வருசமா கடையில சிரிச்சுச் சிரிச்சு தாடை நோவுதுக்கா. ஒரு தடவையாச்சும் நாலு பேருக்கு முன்னால நெசமா அழுது பாக்கணும். இனி யாரு நம்மள கூப்புடப் போறா? இதுதான் கடைசின்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன்."

பிறகு என் கதையைக் கேட்டாள். நான் அன்றைக்குத் தயார் செய்து வைத்திருந்ததை எடுத்து விட்டேன். ஏழு தடவை இப்படி வந்திருக்கிறேன், ஒரு தடவையும் எடுக்கவில்லை. ஒரே மகள், இந்த வருஷம் ஓ.எல். பரீட்சை. அம்மாவை மேடையில் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு ஒரே ஆசை. கூடப் படிக்கிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள், ஒவ்வொரு தடவையும் நான் வெறுங்கையோடு போக அந்தப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். சொல்லச் சொல்ல நானே நம்பிவிட்டேன். அவ்வளவு நல்ல பொய்.

"போட்டோ காட்டுங்க, பாப்போம்," என்றாள். போன் பழுது, படமெல்லாம் அழிந்துவிட்டது என்றேன். அதற்கு முந்தின நிமிஷம்தான் அதே போனில் இயக்குநருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். அவள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"சரி, அந்த வசனத்த சொல்லுங்க, கேப்போம்," என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள். வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்த வசனம் ஒன்றுதான். மகள் பையோடு நிற்கிறாள், தாய் சொல்கிறாள்: "போ. போயிட்டு வா. நான் வாசல்ல நிக்க மாட்டேன்." நான் வேண்டுமென்றே கொன்று கொலை செய்து வாசித்தேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ, கோவமா சொல்லாதீங்கக்கா. நிக்க மாட்டேன்னு சொல்றாளே, அவ நிப்பா. பஸ்ஸு போன பொறகும் நிப்பா. அத மனசுல வச்சுக்கிட்டு நிக்க மாட்டேன்னு சொல்லணும்." சொல்லிவிட்டு ரொட்டிக் கையோடு அந்த வரியைச் சொல்லிக் காட்டினாள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. படிவத்தைக் குனிந்து பார்ப்பதுபோல் போனை அதன் மறைவில் வைத்து, இயக்குநருக்கு அனுப்பினேன்: "பதினொன்று. இவள்தான். இனி யாரும் வேண்டாம்."

அவளைக் கூப்பிட்டார்கள். எழுந்து சீலையைச் சரி செய்தாள். என்னைத் திரும்பி ஒரு தடவை பார்த்தாள். உள்ளே போனாள். மூன்றே நிமிஷம். வெளியே வந்து, "நம்மளுக்கு வரலக்கா. நீங்க நல்லாப் பண்ணுங்க, பயப்புடாதீங்க," என்று என் தோளைத் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உள்ளே ஓடினேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தார்.

"என்ன நீர், இவதான் எண்டு அனுப்பினீர்? பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்புவிக்கிற மாதிரிச் சொல்லிப்போட்டுப் போறா."

"சேர், வெளியில அவ எப்பிடிச் சொன்னான்னு தெரியுமா? நான் என் காதால..."

"பொறும். போகேக்க இன்னொண்டு சொன்னா. வெளியில பச்சைச் சீலை உடுத்த அக்கா ஒராள் இருக்கிறாவாம். ஏழு தரம் வந்தும் கிடைக்கேல்லையாம். மகள் பாவமாம். இந்தப் பாகத்தை அவவுக்குக் குடுக்கட்டாம்." என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "ஆர் அந்தப் பச்சைச் சீலை அக்கா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இயக்குநருக்கோ சிரிப்பென்றால் அப்படியொரு சிரிப்பு. மேசையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எத்தனையோ பேரை நான் வராந்தாவில் ஏமாற்றியிருக்கிறேன். என் பொய்யை நம்பி, தன் கையில் வந்ததை எனக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் போன ஆளை அன்றைக்குத்தான் கண்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரம் யார் மேல் என்றால் என் மேல்தான்.

சிரித்து முடித்து இயக்குநர் சொன்னார்: "கெடுத்தது நீர். நீர்தான் கொண்டு வரவேணும். புதன்கிழமை போயா, பௌர்ணமி லீவுதானே, பத்து மணிக்கு இன்னொருக்காப் பாப்பம். வரேல்லை எண்டா நான் கொழும்புக்குப் போன் எடுக்கிறன்."

திங்கட்கிழமை அவள் வேலை செய்யும் கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே, "அக்கா! கெடச்சிருச்சா?" என்றாள்.

அசடு வழிய நின்றேன். சட்டைத் துணி இரண்டு மீட்டர் என்றேன். அவள் துணியை விரித்து அளக்க, நான் தணிந்த குரலில் சொல்லி முடித்தேன். நான் நடிக்க வந்தவள் இல்லை, ஆள் எடுப்பதே நான்தான், நன்றாகச் செய்கிறவர்களைக் கண்டுபிடிக்கத்தான் வெளியில் உட்காருகிறேன், புதன்கிழமை வந்தால் இன்னொரு தடவை பார்ப்பார்கள். கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது.

"அப்ப ரெண்டு மணித்தியாலமா அங்க குந்திக்கிட்டு எங்க எல்லாரையும் வேவு பாத்தீங்களா? ஏழு தடவன்னீங்க! என் ரொட்டிய வேற தின்னீங்க! வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

கல்லாவில் இருந்த முதலாளி எட்டிப் பார்த்தார். தொப்பி போட்ட வயதான மனிதர். "என்ன மகள், அங்க சத்தம்?"

"ஒன்னுமில்ல முதலாளி, அக்காவுக்குக் கலர் புடிக்கலயாம்," என்று அவரைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்க்கத் திரும்பியபோது அந்தச் சிரிப்பு இல்லை. துணியை நறுக்கி மடித்தாள். மடித்த துணியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"மகளாச்சும் நெசமா?"

அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்: "அந்தப் புள்ளைக்காகத்தான் விட்டுக் குடுத்தேன். அதுவும் பொய்யின்னா நான் ஒரு மடச்சி. அந்தப் பக்கமே நான் வரமாட்டேன்."

நான் தலையை ஆட்டினேன். ஆமாம், மகள் உண்மை என்று. இவ்வளவு வாய் கிழியப் பேசுகிறவள், கோழை மாதிரித் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய? அவள் வராவிட்டால் எங்கள் கம்பளைத் தாய் நெஞ்சில் கை வைத்துக் கண்ணை உருட்டப் போகிறாள். அதைவிட, இவளுக்குக் கிடைக்க வேண்டியது இவள் கையைவிட்டுப் போகும், அதுவும் என்னால்.

"அப்ப சரி. போயாவுக்குக் கடை பூட்டு. வர்றேன்," என்றாள்.

புதன்கிழமை பத்து மணிக்கு அவள் வரவில்லை. ரோட்டெல்லாம் வெள்ளை உடுத்த சனம் விகாரைக்குப் போய்க்கொண்டிருந்தது, பஸ் எல்லாம் ஊர்ந்தது. பத்தேகாலுக்கு இயக்குநர் போனைக் கையில் எடுத்தார். "சேர், அஞ்சு நிமிஷம்," என்றேன். "நீர் சொல்லுற நிமிஷத்தையும் இனி நம்பேலாது," என்றார். பத்தரைக்குத் தலையில் பூவும் நெற்றியில் திருநீறுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். இந்தத் தடவை நான் வராந்தாவில் உட்காரவில்லை. இயக்குநருக்குப் பக்கத்தில், அவள் கண் படுகிற இடத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டில கதைக்கிற மாதிரியே கதையுங்கோ," என்றார் இயக்குநர்.

"வீட்டுல நான் பேசுனா நீங்க தாங்க மாட்டீங்க சேர்," என்றாள். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். பையோடு நிற்கிற மகள் அங்கே இல்லை, அந்த இடத்தில் ஒரு வெறுங்கதிரைதான் இருந்தது. அந்தக் கதிரையைப் பார்த்து அவள் பேசினாள். சோறு கட்டி வைத்திருப்பதைச் சொன்னாள், குடையை மறக்காதே என்றாள், கோபப்பட்டாள். கடைசியில் "நான் வாசல்ல நிக்க மாட்டேன்" என்றபோது குரல் உடையவே இல்லை. கண்ணீர் மட்டும் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வருஷம் சேர்த்து வைத்தது போலிருக்கிறது.

இயக்குநர் கையிலிருந்த போனை மேசையில் வைத்தார். பிறகு, "ஓம்," என்றார். அவ்வளவுதான். அவருடைய அகராதியில் அதற்கு மேலே பாராட்டு கிடையாது. நான் எழுந்து குதித்தேன். நாற்பத்தைந்து வயதில் குதித்தேன், வெட்கமென்ன?

ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவள் பையில் வைத்துக் கொடுத்து, பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே நடந்தேன். வழியெல்லாம் அவள் வாய் ஓயவில்லை. முதலாளியிடம் எப்படிச் சொல்லுவது, வீட்டுக்காரர் நம்புவாரா, மேடைக்கு எந்தச் சீலை என்று ஒரே பேச்சு. ஏரிக்கரைக்கு வந்ததும், "அட, மறந்தே போயிட்டேன்," என்று பையைத் திறந்து ஒரு வாழையிலைப் பொட்டலத்தை எடுத்தாள்.

"காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்ல, அதான் லேட்டு. எனக்கு ஒரு அர்ச்சன, ஒங்க மகளுக்கு ஒரு அர்ச்சன. பரீட்ச வருதுன்னீங்களே. ஐயர் பேரும் நட்சத்திரமும் கேட்டாரு, எனக்கு எங்க தெரியும்? சாமி பேருக்கே பண்ணச் சொல்லிட்டேன். இந்தாங்க, புள்ளைக்கு வச்சு விடுங்க."

இலையில் திருநீறு, குங்குமம், இரண்டு செவ்வரளிப் பூ. கையை நீட்டினேன். விரல் மடங்கவில்லை. என் பிள்ளைக்கென்று அதுவரை யாரும் எந்தக் கோயிலிலும் தேங்காய் உடைத்ததில்லை. பிள்ளை வரம் கேட்டு உடைத்திருக்கிறார்கள், அது வேறு.

"எனக்கு மகள் இல்ல," என்றேன். "மகனும் இல்ல. புள்ளையே இல்ல. அன்னைக்குச் சொன்னது பொய். கடையில தலைய ஆட்டுனதும் பொய்."

ஒப்பந்தத்தை வெளியே எடுப்பாள், கிழித்து என் மூஞ்சியில் எறிவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். எறிந்தாலும் குற்றமில்லை. அவள் எதுவும் எடுக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணமாகி எத்தன வருசம்?"

இந்தக் கேள்விக்கு நான் எத்தனை பேரைக் கடித்திருக்கிறேன்! "பதினாறு," என்றேன்.

"பேரு எதாச்சும் யோசிச்சு வச்சிருந்தீங்களா?"

பேர் இருந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருஷம் நானும் அவரும் கம்பளையிலிருந்து ரயிலில் வரும்போது முடிவு செய்த பேர். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும்கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவளிடம் சொன்னேன்.

அவள் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பொட்டலத்தை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள்.

"நல்ல பேருக்கா," என்றாள். "அடுத்த தடவ ஐயர் கேட்டா சொல்லிர்றேன்."